ஆண்டறிக்கை: வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான ஆதரவு, பயிற்சிப் பணிகள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வேலைகளை ஒருவாறு ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, மருந்தாளுநர்களே, ஆய்வக நுட்பநர்களே, பதிவு மேசையைப் பார்த்துக்கொள்ளும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தீர்மானங்கள் எழுதிய குறிப்பேடு அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் வாங்கிப் பார்க்கலாம். அவற்றை இங்கே வரிசையாக வாசிக்கப் போவதில்லை. பயிற்சி முடித்த ஊழியர் தன் நிலையத்துக்குத் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்த ஆண்டு முழுக்கக் கவனித்தோம். அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

பயிற்சி நிலையத்துக்கே போனது

முன்பெல்லாம் ஒரு பெரிய அரங்கை எடுப்போம். காலையிலிருந்து மாலைவரை உரைகள், நடுவே தேநீர், கடைசியில் சான்றிதழ். வந்தவர்கள் உண்மையிலேயே ஆர்வத்தோடு எழுதிக்கொண்டார்கள். ஆனால் சில மாதங்கள் கழித்து அதே நிலையங்களுக்குப் போய்ப் பார்த்தபோது, ரத்த அழுத்தப் பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். நோயாளி காலைத் தொங்கவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க, பிபி பார்க்கப்பட்டது. "கற்றுக்கொண்டதெல்லாம் நினைவிருக்கிறது சார். ஆனால் முதுகு சாய்க்கிற மாதிரி ஒரு நாற்காலி இங்கே இல்லையே" என்றார் அங்கிருந்த செவிலியர். அவர் சொன்னது முற்றிலும் சரி. அரங்கில் யாரும் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை.

அதனால் சென்ற பொதுக்குழுவில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி முறையை மாற்றினோம். இரண்டு பயிற்றுநர்கள் நிலையத்துக்கே போகிறார்கள். புறநோயாளி கூட்டம் குறைந்த பிறகு அரை நாள் இருக்கிறார்கள். அங்குள்ள நாற்காலி, அங்குள்ள கருவி, அங்குள்ள பதிவேடு இவற்றை வைத்தே பயிற்சி. ஆறு வாரம் கழித்து அதே இருவர் மறுபடி போகிறார்கள். இரண்டாவது வருகை இல்லாமல் எந்தப் பயிற்சியையும் முடிந்ததாகக் கணக்கில் எழுதுவதில்லை.

பிபி பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். முதுகுக்குச் சாய்வு, பாதம் தரையில், கால்மேல் கால் போடாமல், கை இதய மட்டத்தில், பட்டை வெறும் தோலின் மேல், ஐந்து நிமிட ஓய்வு, பேச்சில்லாமல், ஒரு நிமிட இடைவெளியில் குறைந்தது இரண்டு அளவுகள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். தேவையில்லாத மாத்திரை ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர இது ஒன்றே போதும். ஒரு நிலையத்தில், பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டிய கருவியின் முள், காற்றடிக்கும் முன்பே எட்டில் நின்றது. "அது எப்பவுமே அங்கேதான் நிற்கும்" என்றார்கள். அந்தக் கருவியை அன்றே விலக்கிவைத்தோம். பழுதுபார்த்துத் திரும்பும்வரை சங்கத்தின் கருவி அங்கே இருந்தது. பெரிய அளவுப் பட்டை இல்லாத எல்லா நிலையங்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். சாய்வு நாற்காலிகளும் கொடுத்தோம். நாற்காலி வாங்குவது பயிற்சிச் செலவில் வருமா என்று தணிக்கையில் கேட்டார்கள். வரும் என்பதே செயற்குழுவின் உறுதியான கருத்து.

குளிர்பெட்டியின் பின்சுவர்

இந்த ஆண்டில் எங்களை அதிகம் உலுக்கியது ஒரு தடுப்பூசிக் குளிர்பெட்டி. நிலையத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நடந்ததை அங்குள்ளவர்களின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

வெப்பநிலைப் பதிவேடு அழகாக இருந்தது. காலையும் மாலையும், ஒருநாள்கூட விடாமல், எல்லாம் 4 டிகிரி. தடுப்பூசிகள் இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள், ஆகவே குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பயிற்றுநர் பின்வரிசைப் பெட்டியை வெளியே எடுக்கச் சொன்னார். அது வரவில்லை. பின்சுவரின் பனியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சில ஹெபடைடிஸ் பி குப்பிகள் கட்டியாகவே உறைந்து கிடந்தன. வெப்பமானி முன்பக்கக் கூடையில் தொங்கியது, அது தன் இடத்தின் வெப்பத்தைச் சரியாகத்தான் காட்டியது. பதிவேட்டில் பொய் எழுதப்படவில்லை.

குப்பியின் மேலிருக்கும் வெப்ப அடையாளச் சதுரமும் நல்ல நிறத்திலேயே இருந்தது. அது சூடு பட்டதைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. இந்த ஒரு தகவல் அங்கிருந்த நால்வரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாம் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

கட்டியாக உறைந்தவற்றை அப்படியே ஒதுக்கினோம். பக்கத்தில் திரவமாகவே இருந்தவற்றின்மேலும் சந்தேகம். அவற்றுக்குக் குலுக்கிப் பார்க்கும் சோதனை செய்தோம். அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே இரவு முழுக்க உறையவிட்டு, மறுநாள் உருகவைத்து, சந்தேகக் குப்பியோடு சேர்த்து ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கெடாத மருந்து வெகுநேரம் ஒரே சீராகக் கலங்கலாக நிற்கும். உறைந்து உருகியதில், மருந்தில் கலந்திருக்கும் அலுமினிய உப்பின் துகள்கள் திரண்டு, செதில் செதிலாகச் சீக்கிரமே அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்துவிடும். அறையில் யாரும் பேசவில்லை. இரண்டும் ஒரே வேகத்தில் தெளிந்தன. குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த செவிலியர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதற்கு முன் போட்ட குழந்தைகள்?"

மேலிடத் தடுப்பூசிப் பிரிவுக்கு அன்றே தெரிவித்தார்கள். பதிவேட்டிலிருந்து பெயர்ப் பட்டியல் எடுத்து, ஆலோசனைப்படி வீடு வீடாகப் போய் விளக்கினார்கள். பெற்றோரிடம் உண்மையைச் சொல்லும் அந்தக் கடினமான வேலையை அந்த நால்வரும் வேறு யாரிடமும் தள்ளிவிடவில்லை. இந்தச் சபை அவர்களைப் பாராட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது எல்லா நிலையங்களிலும் எங்கள் முதல் வேலை, வெப்பமானியை உறையக்கூடாத தடுப்பூசிகளுக்கு நடுவே வைப்பதும், பின்சுவரிலிருந்து பெட்டிகளைத் தள்ளி அடுக்குவதும்தான்.

வர முடியாதவர்கள்

சென்ற ஆண்டுகளின் வருகைப் பதிவேடுகளைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. பயிற்சிக்கு ஒருதடவைகூட வராத நிலையங்கள் எல்லாமே தொலைவில் இருப்பவை, ஒரே செவிலியரோடு ஓடுபவை. வேல்ஸ் நாட்டின் சுரங்கக் கிராமம் ஒன்றில் பொது மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் தேவை அதிகமுள்ள இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதினார். அது நோயாளிகளைப் பற்றியது. பயிற்சிக்கும் அப்படியே பொருந்துவதை நம் பதிவேட்டில் பார்த்தோம்.

அந்த ஒரே செவிலியர் கிளம்பினால் கதவைப் பூட்ட வேண்டும். ஆகவே பணி ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலரைக் கேட்டோம். தயங்காமல் சம்மதித்தார்கள். பயிற்சி நாளில் அவர்கள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் சங்கம் தருகிறது. கையிருப்பில் பெரும்பகுதி இதற்கே போனது, இதில் எனக்கு வருத்தமே இல்லை.

மாதாந்திரக் காணொலிக் கூட்டம்

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் நிபுணரைத் தேடி நெடுந்தூரம் வந்து மாதக்கணக்கில் காத்திருந்த நிலையில், அவர் ஊர்ப்புற மருத்துவர்களைக் காணொலியில் ஒன்றுசேர்த்து அவர்களையே சிகிச்சை தர வைத்தார். அப்படிக் கிடைத்த பலன் பல்கலைக்கழக மருத்துவமனையின் பலனுக்குச் சமமாக இருந்ததை 2011-இல் வெளியிட்டார்கள். அந்த வழியில் நாமும் மாதம் ஒருநாள் கூடுகிறோம். நிலைய ஊழியர் ஒருவர், பெயர் அடையாளம் இல்லாமல், ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். நிபுணர் கேட்பார், மற்றவர்களும் கேட்பார்கள்.

ஒரு கூட்டத்தில் சர்க்கரை அளவு இறங்கவே இறங்காத ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு. இன்சுலின் அளவை மூன்று முறை கூட்டியாயிற்று. இன்னும் கூட்டலாமா என்பதுதான் கேள்வி. நிபுணர் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டார்: "ஊசி எங்கே போடுகிறார்? அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா?" யாரும் பார்த்திருக்கவில்லை. அடுத்த வாரம் தொட்டுப் பார்த்தால், தொப்புளுக்கு இடப்பக்கம் எலுமிச்சை அளவில் கட்டி. வலிக்காத இடம் என்று தினமும் அங்கேயே குத்தியிருக்கிறார். கொழுப்பு தடித்த அந்த இடத்திலிருந்து இன்சுலின் சரியாக உடலில் சேராது. இடத்தை மாற்றச் சொன்னதோடு அளவையும் கவனமாகக் குறைத்தார்கள், ஏனென்றால் நல்ல இடத்தில் பழைய அளவே போனால் சர்க்கரை திடீரென்று கீழே போய்விடும். இப்போது எல்லா நிலையங்களிலும் இன்சுலின் போடுபவர்களின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

பதிவு மேசை

சீட்டு எழுதுபவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் முதலில் பார்ப்பவர் அவர்தான். மூச்சு வாங்கும் குழந்தை வரிசையில் கடைசியாக நிற்பதை வேறு யார் பார்ப்பார்? எனவே அவர்களுக்கும் சொல்லித்தந்தோம்: பால் குடிக்காத, எல்லாவற்றையும் வாந்தியெடுக்கிற, வலிப்பு வந்த, துவண்டுகிடக்கிற குழந்தை என்றால் சீட்டுக்குக் காத்திருக்காமல் உடனே உள்ளே. மூச்சை எண்ணுவது செவிலியர் வேலை. அழாத நேரத்தில், முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இதை எட்டினால் வேகமான மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் பழக்கத்தை விடச்சொல்லிப் பலமுறை கெஞ்சியிருக்கிறோம். இன்னும் கெஞ்சுவோம்.

அப்புறம், அவசர மருந்துகளை எடுத்துவைக்கும் அவசரத் தட்டு ஒத்திகை. ஊசி போட்ட பின் ஒவ்வாமையில் ஒருவர் சரிந்தால், உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்து எங்கே இருக்கிறது என்று தேடக் கூடாது. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். முன்னறிவிப்பின்றி ஒத்திகை வைத்தோம். முதல் சுற்றில் ஓரிடத்தில் மருந்து அலமாரிச் சாவி ஊழியரோடு வீட்டுக்குப் போயிருந்தது. இரண்டாம் சுற்றில் அப்படி எங்கும் நேரவில்லை.

செய்ய முடியாதவை

மேல்சிகிச்சைக்கு அனுப்பிய நோயாளிகளின் விவரம் நிலையத்துக்குத் திரும்பி வரவில்லை. பெரிய மருத்துவமனையோடு பேசினோம், படிவமும் அச்சடித்துக் கொடுத்தோம், பலன் இல்லை. நோயாளி கையில் கொண்டுவரும் சீட்டில் எந்த மாத்திரையை நிறுத்தினார்கள் என்றுகூட இருப்பதில்லை. வீட்டில் பழையதும் புதியதும் சேர்த்து விழுங்குகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதை வரும் ஆண்டின் முதல் வேலையாக வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தனியாக வேலை செய்பவர்களின் மனச்சோர்வுக்காக, லண்டனில் 1950-களில் மனநல மருத்துவர் மைக்கேல் பாலிண்ட் நடத்திய, மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் குழுக்களைப்போல ஒன்று தொடங்கினோம். மூன்று கூட்டங்களோடு நின்றுவிட்டது. அதிகாரிகளும் ஊழியர்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்ததால் யாரும் மனம் திறக்கவில்லை. அப்படி உட்கார வைத்தது செயற்குழுவின் தவறு. செவிலியர்களுக்கு மட்டுமான குழுவாக மறுபடி தொடங்க, மூத்த சகோதரி ஒருவர் முன்வந்திருக்கிறார்.

புதிய நிர்வாகிகள் தேர்வுக்கு முன் மூன்று தீர்மானங்கள் உங்கள் ஒப்புதலுக்கு வருகின்றன: மாற்றுச் செவிலியர் ஏற்பாட்டுக்குத் தனி நிதி, ஆண்டுக்கு இருமுறை கருவிகளின் அளவுச் சரிபார்ப்பு, பதிவு மேசை ஊழியர்களுக்குச் சங்கத்தில் முழு உறுப்பினர் உரிமை. மூன்றாவதைச் சென்ற ஆண்டு ஒத்திவைத்தோம். இந்த முறை வாக்கெடுப்புக்கு விட வேண்டுகிறேன்.

பயிற்றுநர்களுக்கும், ஓய்வுக்குப் பிறகும் நம் அழைப்புக்கு ஓடிவந்த செவிலியர்களுக்கும், கதவைத் திறந்து தங்கள் குறைகளை எங்களுக்குக் காட்டிய எல்லா நிலையங்களுக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கை இப்போது பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்