முதலில் நாடகம், பிறகு விருந்து: கற்றல் விடுமுறை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நாடகக் கற்றல் விடுமுறைகளை ஏற்பாடு செய்யும் அன்பர்களுக்கு,

வணக்கம். காலையில் நடிப்பு வகுப்பு, மாலையில் உயர்தர உணவகத்தில் விருந்து, இரவில் நாடகம் என்று ஐந்தாறு நாட்களுக்குக் குழுவாக அழைத்துப்போகும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். இரண்டு முறை பணம் கட்டி வந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். இரண்டு முறையும் நடத்தியவர்கள் வேறு வேறு ஆட்கள். செய்த தவறு மட்டும் ஒன்றே.

முதல் பயணத்தின் மூன்றாம் நாள். நாடகம் எட்டு மணிக்கு, விருந்து ஐந்தரைக்கு. ஏழு சுற்று. ஐந்தரைக்கு உட்கார்ந்தோம், முதல் தட்டு வர ஆறு மணி ஆயிற்று. ஏழேகாலுக்கு நான்காவது வந்தது. அது எங்கே விளைந்தது, எத்தனை மணி நேரம் வெந்தது என்று பரிமாறியவர் பொறுமையாக விளக்கினார். அவர் வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார், பாவம். எங்கள் கண்ணெல்லாம் கடிகாரத்தில். ஏழே முக்காலுக்கு ஆறாவது தட்டைப் பாதியில் விட்டு எழுந்து, பதினான்கு பேர் ஓட்டமும் நடையுமாக அரங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். முதல் காட்சியை நடைக்கூடத்தில் ஒரு சின்னத் திரையில் நின்றபடி பார்த்தோம். உள்ளே போய் உட்கார்ந்து இருபது நிமிடம் இருக்கும், வலப்பக்கத்தில் மெல்லிய குறட்டை. இடப்பக்கம் திரும்பினால் அங்கேயும். இரண்டாம் அங்கத்தில் நானும் அவர்களோடு ஐக்கியமாகிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியர் ஆர்வமாகக் கேட்டார்: "கடைசியில் அந்தத் தாய் ஏன் கதவைத் திறக்கவில்லை?" பதினான்கு பேரும் தரையைப் பார்த்தோம். அவரும் புரிந்துகொண்டு, "சரி, மூச்சுப் பயிற்சியை ஆரம்பிப்போம்" என்றார்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். வரிசையை மாற்றுங்கள். நாடகம் முதலில். விருந்து அதற்குப் பின்னால். பார்த்த நாடகத்தின் மேல் மறுநாள் காலை வகுப்பு.

உணவகத்தின் சமையலறை பத்து மணிக்கு மூடிவிடும், நாடகம் முடிய பதினொன்று ஆகும் என்பீர்கள். தெரியும். அதனால்தான் பகல் காட்சிகள் இருக்கின்றன. இரண்டு மணிக்காட்சிக்குக் கூட்டிப்போங்கள். ஐந்து மணிக்கு வெளியே வருவோம். அறைக்குப் போய்க் காலை நீட்டிவிட்டு ஏழு மணிக்கு விருந்தில் உட்காருவோம். அப்போது ஏழு சுற்று என்ன, ஒன்பது சுற்று வந்தாலும் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். பகல் காட்சியில் சீட்டும் பெரும்பாலும் எளிதாகக் கிடைக்கும். இரவுக் காட்சிதான் என்றால், முன்னால் ஏதாவது இலகுவாகச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, பெரிய விருந்தை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். திங்கட்கிழமைகளில் பல அரங்குகளில் நாடகம் கிடையாது. அந்த ஒரு நாளை விட்டுவிட்டு, நாடகம் இருக்கிற நாளாகப் பார்த்து விருந்தைத் திணிக்கும் மர்மம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நிறைந்த வயிறு, நுரையீரலுக்கு அடியில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தைக் கீழே இறங்கவிடாது. மூச்சு மேலோட்டமாகிறது, குரல் தொண்டையில் நின்றுவிடுகிறது. மேடையேறும் முன் பல நடிகர்கள் கனமாகச் சாப்பிடாமல் இருப்பது இதற்காகத்தான். பார்ப்பவருக்கும் இதில் பாதியாவது பொருந்தும். மூன்று மணி நேர நாடகத்தைப் பார்ப்பது உட்கார்ந்தபடி செய்யும் உழைப்பு. அதற்கும் விழித்திருக்கும் உடம்பு வேண்டும். இரண்டாம் பயணத்தில் நீண்ட மதிய விருந்து முடிந்த கையோடு குரல் வகுப்பு வைத்திருந்தார்கள். தரையில் மல்லாந்து படுத்து "ஆ" சொல்லச் சொன்னார்கள். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நமக்கு நல்லவேளையாகச் 'சுவை' என்ற ஒரே சொல் நாக்குக்கும் நாடகத்துக்கும் சேர்த்தே இருக்கிறது. ஆனாலும் எது முதலில் என்பதில் நம் ஆட்களுக்குக் குழப்பம் இருந்ததில்லை. செவிக்கு உணவு இல்லாத நேரத்தில்தான் வயிற்றுக்கும் "சிறிது" ஈயப்படும் என்றது குறள். அந்தச் "சிறிது" என்ற சொல்லை உங்கள் உணவகக் கூட்டாளிகளிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

விருந்துக்கு நான் எதிரி இல்லை. நாடக வரலாற்றின் பெரிய உரையாடல்களில் ஒன்று உணவக மேசையில்தான் நடந்தது. 1897 ஜூனில் மாஸ்கோவின் ஸ்லவியான்ஸ்கி பஜார் உணவகத்தில் நடிகரும் இயக்குநருமான ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நாடகாசிரியர் நெமிரோவிச் தான்சென்கோவும் பகல் இரண்டு மணிக்குச் சந்தித்தார்கள். பேச்சு முடியவில்லை. அங்கிருந்து ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் கோடை வீட்டுக்குப் போய், மறுநாள் காலை எட்டு மணிவரை, மொத்தம் பதினெட்டு மணி நேரம் பேசினார்கள். அடுத்த ஆண்டே மாஸ்கோ கலை அரங்கு பிறந்தது. அந்த மேசையில் அவர்கள் உட்கார்ந்தபோது இருவருக்கும் பேச விஷயம் இருந்தது. நீங்கள் எங்களை மேசையில் உட்காரவைக்கும்போது நாங்கள் இன்னும் எதையும் பார்த்திருப்பதில்லை. அதனால் விமானம் தாமதமான கதையைப் பேசுகிறோம். அடுத்தவர் தட்டைப் படம் எடுக்கிறோம். நாடகத்துக்குப் பிறகு அதே மேசையில் அதே பதினான்கு பேரை உட்காரவைத்துப் பாருங்கள். அந்தத் தாய் ஏன் கதவைத் திறக்கவில்லை என்பதற்கு நாலு கட்சி கட்டிச் சண்டை போடுவோம். அந்தச் சண்டையும் பாடம்தான், அதற்குத் தனியாக ஆசிரியர் சம்பளம்கூட நீங்கள் கொடுக்க வேண்டாம்.

நாடகத்தின் நடுவிலேயே சாப்பிடும் ஏற்பாடும் உண்டு. இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா (இசை நாடக) விழா 1934 முதல் நடக்கிறது. அங்கே இடைவேளையே ஒன்றரை மணி நேரம், சாப்பிடுவதற்கென்றே விட்டது. ஜெர்மனியின் பைராய்ட் ஓபரா விழாவில் இடைவேளை ஒரு மணி நேரம். முடியப்போகிறது என்பதைப் பித்தளை ஊதுகருவிக்காரர்கள் மாடத்தில் நின்று அறிவிப்பார்கள்: பதினைந்து நிமிடம் முன்பு ஒரு முறை, பத்து நிமிடம் முன்பு இரு முறை, ஐந்து நிமிடம் முன்பு மும்முறை. அங்கெல்லாம் சாப்பாடு காட்சியின் நேரத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. நீங்கள் காட்சியைச் சாப்பாட்டுக்குக் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது வகுப்பு. சொல்ல நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டு விலகிப்போய்க் கூட்டாகத் தங்கி நாடகம் பயிலும் எண்ணம் சுற்றுலா நிறுவனங்கள் கண்டுபிடித்ததல்ல. பிரான்சில் நாடக இயக்குநர் ழாக் கொப்போ 1913 கோடையில் தன் புதிய குழுவை பாரிசிலிருந்து லிமோன் என்ற கிராமத்துக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தார். அந்த அக்டோபரில் அவருடைய வியூ கொலோம்பியே அரங்கு பாரிசில் திறந்தது. அமெரிக்காவில் குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழு 1931 கோடையில் இருபத்தெட்டு நடிகர்களோடு கனெக்டிகட் மாநிலத்தின் புரூக்ஃபீல்டு சென்டருக்குப் போனது. நீங்கள் நடத்துவது அந்த மரபின் வசதியான பேரப்பிள்ளை. ஆனால் உங்கள் நிரலில் வகுப்பு ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கிறது. காலை பத்து முதல் பதினொன்றரை, அதில் அறிமுகத்துக்கு இருபது நிமிடம், தேநீருக்குக் கால் மணி. முதல் பயணத்தில் ஐந்து நாளுக்கு நான்கு ஆசிரியர்கள். நான்கு பேரும் முதல் பாடத்தையே நடத்தினார்கள். நான்கு முறை வட்டமாக நின்று பெயர் சொல்லிப் பந்து எறிந்தோம். எனக்கு இப்போது பந்து நன்றாக எறிய வரும்.

ஒரே ஆசிரியர், தினமும் மூன்று மணி நேரம், ஐந்து நாளும். இதைக் கொடுங்கள் போதும். புகழ்பெற்ற பெயர் வேண்டாம்.

அந்த ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு விஷயத்தைப் பேசிவிடுங்கள். இரண்டாம் பயணத்தின் இரண்டாம் நாளில் ஒருவர் எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, வாழ்க்கையின் மிகத் துயரமான நாளை நினைத்து, அன்று அறையில் இருந்த வாசனை, தொட்ட துணி என ஒவ்வொன்றாக மீட்கச் சொன்னார். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி உடைந்து அழுதார். வகுப்பு முடியும் நேரமாகிவிட்டது. அரை மணியில் எங்களை வெள்ளைத் துணி விரித்த மேசையில் உட்காரவைத்தார்கள். அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தார், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

உணர்ச்சி நினைவு என்று அழைக்கப்படும் அந்தப் பயிற்சிக்காகத் தொழில்முறை நடிகர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன குரூப் தியேட்டரில், அதை நிறுவியவர்களில் ஒருவரான லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதைத்தான் முன்னிறுத்தினார். 1934இல் அதே குழுவின் நடிகை ஸ்டெல்லா அட்லர் பாரிசில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துப் பயின்று திரும்பி, அவர் அழுத்தம் தருவது பாத்திரத்தின் சூழலுக்கும் செயலுக்கும்தான் என்றார். குழு இரண்டு பக்கமாக நின்றது. பல ஆண்டு பயின்றவர்களுக்கே ஒத்துவருமா என்று தீராத ஒன்றை, விடுமுறைக்கு வந்தவர்களிடம் தொண்ணூறு நிமிடத்தில் பரிசோதிப்பது கொடுமை. எங்களுக்கு அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலினின் அரங்க விளையாட்டுகள் போதும். சிகாகோவில் குழந்தைகளோடும் சாதாரண மக்களோடும் வேலை செய்தபோது அவர் உருவாக்கியவை அவை. எதிரெதிரே இருவர் நின்று, ஒருவர் அசைவார், மற்றவர் கண்ணாடிப் பிம்பம் போல அதையே செய்வார். கொஞ்ச நேரத்தில் யார் யாரைப் பின்பற்றுகிறார்கள் என்று இருவருக்கும் தெரியாமல் போகும். முழங்கால் வலிக்காரர்கூட உட்கார்ந்தபடி செய்யலாம். அன்று மாலை மேடையில் இரு நடிகர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்கும் கண் அப்போது தானாகத் திறக்கும்.

கடைசி நாள் 'அரங்கேற்றம்' வேண்டாம். ஐந்து நாளில் பயின்றதைக் காட்டு என்றால், மூன்றாம் நாளே எல்லோரும் கற்பதை நிறுத்திவிட்டு வசனம் மனப்பாடம் செய்கிறார்கள். நடிக்க விருப்பமில்லாமல் பார்க்கக் கற்க மட்டும் வந்தவர்களும் குழுவில் உண்டு. அவர்களை மேடையில் தள்ளாதீர்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு யோசனை. ஒரே நடிகர் குழு பல நாடகங்களை மாற்றி மாற்றி ஆடும் ரெபர்ட்டரி அரங்கு இருக்கும் ஊராகப் பாருங்கள். நேற்று அரசனாக வந்தவர் இன்று வேலைக்காரனாக வருவார். குரல் அதே, நடை வேறு. எந்த விரிவுரையும் அதைக் கற்றுத்தராது. பகல் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் நடுவே மேடையமைப்பை முழுதாகப் பிரித்து வேறொன்றை நிறுத்துவதை, அரங்கு அனுமதித்தால், அரை மணி நேரம் எங்களுக்குக் காட்டுங்கள். கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு இதற்கு நல்ல உதாரணம். 1953இல் ஒரு கூடாரத்துக்குள் தொடங்கிய நாடக விழா அது. அதன் முதன்மை அரங்கில் பார்வையாளர்கள் மேடையை மூன்று பக்கமும் சூழ்ந்து உட்காருவார்கள். விழாவால் உணவகங்கள் பெருகி, 1983இல் உணவகக்காரர்களே சேர்ந்து அங்கே ஒரு சமையல் பள்ளியும் தொடங்கினார்கள். நாடகம் அங்கே முதலில் வந்தது, நல்ல சாப்பாடு அதன் பின்னால் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. நாடகப் பிரதியை ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள், விமான நிலையத்தில் அல்ல. தனி அறைக்குக் கூடுதல் கட்டணம் உண்டென்றால் விளம்பரத்திலேயே சொல்லுங்கள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை உணவகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். மேசையில் பதினான்கு பேர் முன்னிலையில் என் வயிற்றைப் பற்றி விளக்கவைக்காதீர்கள். ஒரு வகுப்பில் பதினாறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு பிற்பகலை முழுதாகச் சும்மா விடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான உங்கள் நிரல்கள் இப்போது தயாராகிக்கொண்டிருக்கும். வந்ததும் படிப்பேன். ஆசிரியர் யார், எந்த நாடகம், அறை எப்படி என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்வேன். முதலில் தேடப்போவது விருந்து எத்தனை மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

இப்படிக்கு,
இரண்டாம் அங்கத்தில் தூங்கிப்போன ஒரு மாணவி