உன் மாத்திரை எதைத் தடுக்கிறது?

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, ரத்தத்தில் கழிவான கிரியாட்டினின் இறங்கிவிட்டது என்று படித்ததும் மனசு லேசாயிற்று. எழுத்துகள் மட்டும் கொஞ்சம் நெளிந்திருந்தன. 'ழ'வின் வால் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. கை நடுங்குகிறது என்று நீயே கீழே எழுதியிருக்கிறாய். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமலிருக்க நீ சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் பலருக்கு இது வருவதுண்டு. ஆனாலும் அடுத்த முறை ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும்போது டாக்டரிடம் கட்டாயம் சொல். நீயாக மாத்திரையைக் குறைத்துவிடாதே.

"இந்த மாத்திரை என்னதான் செய்கிறது?" என்று கேட்டிருந்தாய். நான் இத்தனை வருஷமாக வேலை பார்க்கும் நொதிக் குடும்பத்தில் ஒன்றைத்தான் அது தடுக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

செல்லுக்குள் செய்தி பெரும்பாலும் பாஸ்பேட் என்ற சின்ன வேதித் துண்டு வழியாகத்தான் போகிறது. கைனேஸ்கள் என்ற நொதிகள் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும், பாஸ்படேஸ்கள் என்ற நொதிகள் அதை எடுத்துவிடும். 1950களில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசை நொதி ஒன்றில் இதைக் கண்டார்கள். 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பேரெல்லாம் கைனேஸுக்கே போயிற்று. ஒட்டுவதுதான் கட்டளை, எடுப்பது பழைய நிலைக்குத் திருப்புகிற வேலை என்றுதான் நாமும் கல்லூரியில் படித்தோம். அது போதாது என்பதற்கு உன் மாத்திரையைவிட நல்ல சாட்சி கிடையாது.

உடம்புக்கு அந்நியமான ஒன்றைக் கண்டதும், நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லுக்குள் கால்சியம் ஏறும். உடனே கால்சிநியூரின் என்ற பாஸ்படேஸ் விழித்துக்கொள்ளும். அங்கே உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் என்ஃபேட் என்ற புரதம் நிறைய பாஸ்பேட்டுகளோடு காத்திருக்கும். அவை இருக்கும்வரை அதனால் உட்கருவுக்குள் தங்க முடியாது. கால்சிநியூரின் அவற்றை எடுத்துவிட்டதும் உள்ளே போகும். டி செல்களைப் பெருகச் சொல்லும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தின் மரபணுவை முடுக்கிவிடும். டி செல்கள் பெருகும். உனக்கு வைத்த சிறுநீரகத்தைத் தாக்கக் கிளம்பும். பார், இங்கே பாஸ்பேட்டை எடுப்பதே கட்டளை!

டாக்ரோலிமஸ் தனியாகப் போய் கால்சிநியூரினைப் பிடிப்பதில்லை. முதலில் எஃப்கேபிபி-12 என்ற சின்னப் புரதத்தோடு சேரும். இரண்டும் சேர்ந்துதான் கால்சிநியூரின் மேல் உட்காரும். 1991இல்தான் இது தெரியவந்தது. அதற்கு முன்பே, இதே வேலைக்கான சைக்ளோஸ்போரின் என்ற மருந்து பல வருஷமாக நோயாளிகளின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சைக்ளோஸ்போரின் பூஞ்சையிலிருந்து வந்தது, டாக்ரோலிமஸ் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து. வேதியமைப்பில் ஒற்றுமையே இல்லை, சேர்கிற புரதமும் வேறு. ஆனாலும் இரண்டும் ஒரே நொதியில் வந்து முடிகின்றன. எனக்கு இது இன்றைக்கும் வியப்புத்தான். அதிலும் அவை வினை நடக்கும் இடத்தையே அடைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ஃபேட் போன்ற பெரிய புரதங்களை நெருங்கவிடாமல் செய்கின்றன. சோதனைக்குழாயில் சின்ன மூலக்கூறைக் கொடுத்தால், மருந்து இருக்கும்போதே அதிலிருந்து பாஸ்பேட்டை நொதி எடுத்துவிடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், கால்சிநியூரின் டி செல்லில் மட்டும் இல்லை. மூளையில் ஏராளமாக இருக்கிறது. சிறுநீரகத்திலும், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லிலும் இருக்கிறது. இடம் பார்த்துத் தடுக்க மாத்திரைக்குத் தெரியாது. நடுக்கம், சர்க்கரை ஏறுவது, அளவு கூடினால் காக்கவேண்டிய சிறுநீரகத்துக்கே கெடுதல் என்று எல்லாம் வருவது இதனால்தான். உன் ரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும் இதற்குத்தான்.

என் பக்கத்துச் செய்தியும் இதே குடும்பம்தான். என் மாணவி ஒருத்தி எஸ்ஹெச்பி-2 என்ற பாஸ்படேஸில் ஆராய்ச்சி செய்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். அந்த நொதி சும்மா இருக்கும்போது தன் வாயை, அதாவது வினை நடக்கும் இடத்தை, தன் கையாலேயே பொத்திக்கொண்டிருக்கும். வளரச்சொல்லி வெளியிலிருந்து செய்தி வந்தால்தான் கையை எடுக்கும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், பொத்திய கை நழுவிவிடும். பிறவியிலேயே இதயக் கோளாறும் குள்ளமும் தரும் நூனன் நோய்க்குறியில் பாதிப்பேருக்கு இந்த மாற்றம்தான் காரணம் என்று 2001இல் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றிலும் இதே மரபணு மாறியிருப்பதை 2003இல் கண்டார்கள். பாஸ்படேஸ் என்றால் புற்றுக்குத் தடை என்று நினைத்திருந்த காலம் அது. பிடென் என்ற பாஸ்படேஸ் அப்படித்தான், அது போனால் கட்டி வளரும். எஸ்ஹெச்பி-2 அதற்கு நேரெதிர்.

பாஸ்படேஸ்களின் வினை நடக்கும் இடம் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருப்பதால் மருந்தே செய்ய முடியாது என்று பலர் கைவிட்டிருந்தார்கள். 2016இல் வந்த ஒரு மூலக்கூறு அந்த இடத்தைத் தொடவே இல்லை. பொத்திய கையை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஆனால் மாற்றத்தால் முழுக்கத் திறந்துவிட்ட நொதியில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. என் மாணவி இனியும் அங்கேதான் மல்லாடப்போகிறாள்.

டாக்ரோலிமஸைவிட நல்ல மாத்திரை வராதா என்றும் கேட்டிருந்தாய். கால்சிநியூரினில் என்ஃபேட் வந்து பற்றிக்கொள்ளும் ஒரு குழி உண்டு. ஆராய்ச்சியாளர் அஞ்சனா ராவும் உடன் பணியாற்றியவர்களும் 1999இல் 16 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு, அதாவது சின்னப் புரதத் துண்டு, அந்தக் குழியை அடைத்துவிடுவதைக் காட்டினார்கள். நொதியின் வினை நிற்கவில்லை, என்ஃபேட் மட்டும் பட்டினி கிடந்தது. ஆனால் வேறு சில புரதங்களும் அதே குழியைப் பற்றுகின்றன. அதோடு, பெப்டைடை மாத்திரையாக விழுங்கினால் வயிற்றிலேயே சிதைந்துவிடும். குழிக்குப் பொருந்துகிற, வயிற்றைத் தாண்டுகிற சின்ன மூலக்கூறு வேண்டும். நடக்கக்கூடிய காரியம் என்றே நான் நம்புகிறேன்.

அடுத்த பரிசோதனையில் மருந்தின் அளவு எவ்வளவு வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
கமலா