ஊசியைத் தேடாதே

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. நான் ஓய்வு பெற்றாலும் சும்மா இல்லை, மயக்கவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கிறேன்.

சரி, உன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து இறங்கி வரும் பெரிய ரத்தக்குழாய்) வீக்க ஆபரேஷனில் சிறுநீரகம் கெடாமல் இருக்க ஊசி ஏதும் உண்டா என்று கேட்டிருந்தாய். பயம் நியாயமானதுதான். ஆனால் அப்படி நம்பிப் போடக்கூடிய ஊசி இல்லை. ஒரு காலத்தில் எல்லோரும் குறைந்த அளவில் டோபமின் என்கிற மருந்தை ஏற்றுவோம். சிறுநீர் நன்றாக இறங்கும், எங்களுக்கும் நிம்மதி. 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, தீவிர சிகிச்சையில் இருந்த 328 பேரிடம் அதைச் சோதித்து, சிறுநீரகத்தை அது காக்கவில்லை என்று காட்டியது. சிறுநீரை அதிகம் போகவைக்கும் மானிட்டால், ஃபுரோசமைடு மருந்துகளின் கதையும் ஏறக்குறைய அதுதான். பையில் சிறுநீர் நிறைவது வேறு, சிறுநீரகம் பிழைப்பது வேறு.

உண்மையில் முக்கியம், ஆபரேஷனில் பெருந்தமனியை இறுக்கி ரத்தத்தை நிறுத்தப் போடும் கிளாம்ப் (இடுக்கி) எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான். சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே போட்டால் சிறுநீரகத்துக்கு ரத்தம் அடியோடு நின்றுவிடும். அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் இழுக்கும் என்று தெரிந்தால் சில சர்ஜன்கள் குளிர்ந்த திரவத்தைச் சிறுநீரகத்துக்குள் செலுத்துவார்கள். கீழே போட்டால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதே, அப்போதும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். கிளாம்பை எடுக்கும் நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். அந்த நேரத்தில் விழித்திருக்கிற மயக்க மருத்துவர்தான் அண்ணனுக்கு வேண்டும். திரவத்தைக் குறையாமல் கொடுத்து, அழுத்தத்தைத் தூக்கிப் பிடிப்பதுதான் அவர் வேலை. கேட்க எளிது, செய்யும்போது கை நடுங்கும்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. முட்டி வலிக்கு அண்ணன் சாப்பிடும் மாத்திரையை டாக்டரிடம் காட்டுங்கள், டைக்ளோஃபெனாக் வகையாக இருந்தால் நிறுத்தச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரையில் எதை அன்று காலை விட வேண்டும் என்றும் கேளுங்கள். சாயம் ஏற்றி சி.டி. எடுத்தால், அதன் பிறகு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டே ஆபரேஷனுக்குப் போகட்டும். கிரியேட்டினின் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் ஆபரேஷனுக்கு மறுநாள் ரிப்போர்ட் நன்றாக வந்ததும் கொண்டாட வேண்டாம், சில நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கிளாம்ப் எங்கே போடப் போகிறார்கள் என்று சர்ஜனிடம் நேராகவே கேள், கோபிக்க மாட்டார். அண்ணனுடைய பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டுகளை எனக்கும் அனுப்பு, தேதி முடிவானதும் எழுது.

உன்,
ராமநாதன்