அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்

ஆசிரியருக்கு வணக்கம்.

இசைக்குழுக்களின் சர்ச்சைக்குரிய பெயர்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'லேடி ஆன்டிபெல்லம்' என்ற அமெரிக்கக் குழு பெயரை மாற்றிக்கொண்டதை, இனவெறிக்கு எதிரான நல்ல முடிவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 22 வருடமாகக் கொடை விழாக்களில் பாடி வருகிறவள் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

'ஆன்டிபெல்லம்' என்றால் போருக்கு முந்தைய காலம். அமெரிக்கத் தென்மாநிலங்களில், உள்நாட்டுப் போருக்கு முன் கறுப்பின அடிமைகளின் உழைப்பில் எழுந்த பெரிய பெரிய பண்ணை வீடுகளையும் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியொரு வீட்டில் முதன்முதலில் படம் எடுத்துக்கொண்டதால் அந்தப் பெயரை வைத்தோம் என்று குழுவினர் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரை அமெரிக்கப் போலீஸ் கொன்றது. ஜூனில் இவர்கள் மன்னிப்புக் கேட்டு, பெயரை 'லேடி ஏ' என்று சுருக்கிக்கொண்டார்கள்.

உங்கள் கட்டுரை அதோடு நின்றுவிட்டது. ஆனால் சியாட்டிலில் அனிதா ஒயிட் என்ற கறுப்பினப் பாடகி இருக்கிறார். புளூஸ் என்ற இசை வகையைப் பாடுகிறவர். 20 வருடத்துக்கும் மேலாக 'லேடி ஏ' என்றுதான் மேடை ஏறினார், ஆல்பம் போட்டார். புதுப் பெயரை அறிவிக்கும் முன் குழுவினர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் வீடியோவில் பேசினார்கள், எல்லோரும் சிரிக்கிற படத்தையும் வெளியிட்டார்கள். பேச்சு ஒத்துவரவில்லை. அவர் ஒரு கோடி டாலர் கேட்டார், அதில் பாதியை நற்காரியங்களுக்குத் தருவதாகவும் சொன்னார். ஜூலையில் குழு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. பணம் கேட்கவில்லை, உண்மைதான்; பெயரைத் தாங்களும் வைத்துக்கொள்ள உரிமை கேட்டார்கள். அவர்கள் கையில் 2011-லேயே வாங்கிய டிரேட்மார்க் பதிவு இருந்தது. அனிதா பதிவு செய்திருக்கவில்லை. அவரும் பதிலுக்கு வழக்குப் போட்டார். 2022-ல் சமரசமாக முடிந்தது.

பதிவு செய்யாதவர்களின் நிலைமை எனக்குத் தெரியும். எங்கள் குழுவின் பெயரிலேயே வசதியான குழு ஒன்று கிளம்பியது. எல்.இ.டி. திரை, சொந்த வேன், பதிவுச் சான்றிதழ் எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஓர் ஊரில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தோம். கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "நீங்கதான் அந்த டூப்ளிகேட் பார்ட்டியாம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு முதல் பாட்டில் எனக்குச் சுருதியே சேரவில்லை. அடுத்த மாதம் பெயரை மாற்றிவிட்டோம். ஸ்பீக்கர் பெட்டியில் மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்த பழைய பெயரை என் வீட்டுக்காரர் தின்னர் ஊற்றித் தேய்த்தார். முதல் எழுத்து மட்டும் இன்னும் போகவில்லை.

அந்த அமெரிக்கக் குழுவினர் மன்னிப்புக் கேட்டது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கறுப்பின மக்களுக்காக மாற்றிய பெயர் ஒரு கறுப்பினப் பெண்ணுடையது என்று தெரிந்த அன்றே அதை விட்டிருக்கலாம். அவர்களுக்கு வேறு பெயரா கிடைக்காது? எந்தப் பெயரில் வந்தாலும் அவர்களுக்குக் கூட்டம் வரும். அனிதாவுக்கு அத்தனை வருடம் பாடிச் சேர்த்த சொத்தே அந்தப் பெயர்தான்.

அடுத்த முறை இந்தச் சங்கதியை எழுதும்போது அனிதா ஒயிட்டின் பெயரையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

ஒரு மெல்லிசைப் பாடகி,
திருநெல்வேலி மாவட்டம்