கோல்கம்பத்தடியில் நிற்பவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள்

தேசியக் கால்பந்து அணிகளுக்குப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியினருக்கு,

வணக்கம். பதவி காலியானதும் உங்கள் மேஜைக்கு ஒரு பெயர்ப்பட்டியல் வரும். அதில் நடுக்களத்தில் ஆடியவர்கள் இருப்பார்கள், டிஃபெண்டர்கள் இருப்பார்கள், பேருக்கு ஒரு ஸ்ட்ரைக்கர்கூட இருப்பார். கோல்கீப்பர் பெயர் அநேகமாக இருக்காது. அவருக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோமே, கோல்கீப்பிங் கோச் என்று. ஒருமுறை அதில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க விடமாட்டோம்.

நானும் சின்ன அளவில் பல வருஷம் கையுறை மாட்டியவன்தான். ஒரு பயிற்சியாளர் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே, ஒரு வார்த்தை கேட்காமல், "நீங்க கீப்பர்தானே, அந்தப் பக்கம் போங்க" என்று மைதானத்தின் மூலைக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் பலகையைச் சுற்றி நின்று ஆட்டமுறையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு பையன்களுக்குப் பந்து உருட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கடுப்பும் இந்த மடலில் கொஞ்சம் கலந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் பேச வந்தது டினோ ஸோஃப் பற்றி. இத்தாலிக்காரர், 1942-ல் பிறந்தவர். 1961-ல் உதினேசே என்ற இத்தாலிய கிளப் அணிக்காக முதல் தரப் போட்டியில் முதன்முதலாக இறங்கியபோது ஃபியோரென்டினா அவருக்கு எதிராக 5 கோல் போட்டது. அதே ஆள் 1972 முதல் 1974 வரை தேசிய அணிக்காகத் தொடர்ந்து 1,142 நிமிடம் ஒரு கோலும் விடாமல் நின்றார். அதில் பாதிதான் கையின் வேலை. மீதி வாயின் வேலை. யார் எந்தப் பக்கம் நகர வேண்டும், ஃப்ரீ கிக்குக்குச் சுவரில் எத்தனை பேர், எதிரணியில் யாரைத் தனியாக விட்டுவிட்டோம் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடுகிற மற்ற பத்துப் பேருக்கும் முதுகுப்பக்கம் என்று ஒன்று உண்டு. கோல்கீப்பர் ஒருவருக்குத்தான் ஆட்டம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. பயிற்சியாளர் வேலைக்கு இதைவிட நல்ல இருப்பிடம் எது என்று எனக்குப் புரியவில்லை.

1978 உலகக் கோப்பையில் நெதர்லாந்தும் பிரேசிலும் அவருக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்துக் கோல் போட்டன. 36 வயது, கண் போய்விட்டது என்றார்கள். நான்கு வருஷம் கழித்து 1982 ஜூலை 5, பார்சிலோனா. எதிரில் மறுபடியும் பிரேசில். இத்தாலி 3-2 முன்னிலை, ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள். டிரா ஆனாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். இடது பக்கமிருந்து வந்த ஃப்ரீ கிக்கை ஆஸ்கர் தலையால் முட்டினார். ஸோஃப் விழுந்து, பந்தைக் கோட்டின் மேலேயே வைத்து அழுத்திப் பிடித்தார். தட்டிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தட்டிவிட்டிருந்தால் பந்து மறுபடியும் யார் காலுக்காவது போயிருக்கும். கோடு தாண்டிவிட்டது என்று பிரேசில்காரர்கள் கையைத் தூக்க, பந்தை விடாமல் படுத்திருந்தார். ஆறு நாள் கழித்து, 40 வயதில், கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார்.

அப்புறம் பயிற்சியாளர். 1990-ல் யுவென்டஸ் கிளப்புக்கு இத்தாலியக் கோப்பையையும், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே அனுப்பப்பட்டார். 1998-ல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 2000 ஐரோப்பியக் கோப்பை தொடங்கும் நேரத்தில் முதல் கோல்கீப்பர் புஃபோன் கையை உடைத்துக்கொண்டார். இரண்டாவது கீப்பர் டோல்டோ இறங்கினார். அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக முதல் பாதியிலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட, மீதி நேரத்தைப் பத்துப் பேரோடு, ஒரு கோலும் விடாமல் ஓட்டினார்கள். ஆட்டத்துக்குள்ளேயே நெதர்லாந்துக்கு இரண்டு பெனால்டி. ஒன்றை டோல்டோ தடுத்தார், மற்றது கம்பத்தில் பட்டது. பெனால்டி ஷூட் அவுட்டிலும் டோல்டோதான் காப்பாற்றினார். இரண்டாவது கீப்பரை எப்படித் தயாராக வைத்திருப்பது என்பது வெளியே உட்கார்ந்து பழகிய ஒரு கீப்பருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இறுதிப் போட்டியில் பிரான்ஸுக்கு எதிராக முன்னிலையில் இருந்து, காயங்களுக்காகக் கூட்டிய நேரத்தின் கடைசி நொடிகளில் வில்டோர் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் ட்ரெசெகே அடித்த கோல்டன் கோலில் (முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும் என்பது அப்போதைய விதி) தோற்றார்கள். பிரான்ஸின் நட்சத்திரம் ஜிடானைக் கண்காணிக்க ஏன் தனி ஆள் போடவில்லை என்று அரசியல்வாதியும் மிலான் கிளப்பின் உரிமையாளருமான பெர்லுஸ்கோனி பகிரங்கமாகத் தாக்கிப் பேசினார். இரண்டு நாளில் ஸோஃப் ராஜினாமா செய்துவிட்டார். தோற்றதற்காக அல்ல, மரியாதைக்காக. விட்டுவிடாமல் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்னும் சில நொடி தாக்குப்பிடித்திருந்தால் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

கோல்கீப்பர் என்றாலே ஜெயித்துவிடுவார் என்று சொல்லவில்லை. கீப்பராக இருந்து பிரேசில் பயிற்சியாளரான எமர்சன் லியோ 2001-ல் சீக்கிரமே வெளியேறினார். அதேபோல் கீப்பராக இருந்த ஸ்பெயின் பயிற்சியாளர் லோபெடெகி 20 ஆட்டம் தோற்காமல் இருந்தும், ரியல் மாட்ரிட் வேலையை ஒப்புக்கொண்டதால் 2018 உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தின நாள் நீக்கப்பட்டார். மறுபக்கம், 1962-ல் பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஐமோரே மொரேரா ஆடிய காலத்தில் கோல்கீப்பர். உங்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது?

'கீப்பருக்குக் கையாட்டம்தான் தெரியும், பந்தை நகர்த்துவது பற்றி என்ன தெரியும்' என்ற பழைய வாதமும் இனிச் செல்லாது. 1992-ல் பேக் பாஸை, அதாவது சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தை, கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. அதற்குப் பிறகு வளர்ந்த கீப்பர்கள்தான் இப்போது ஓய்வு பெற்று வருகிறார்கள். தாக்குதலைத் தொடங்கி வைக்கிற முதல் பாஸே அவர்கள் காலிலிருந்துதான் போயிருக்கிறது.

நான் கேட்பது பதவி இல்லை, ஒரு நேர்காணல். அடுத்த தடவை பட்டியல் தயாரிக்கும்போது ஒரு கோல்கீப்பரையும் அழையுங்கள். நீங்கள் தோற்ற கடைசி ஆட்டத்தைப் போட்டுக் காட்டி, எங்கே ஓட்டை விழுந்தது என்று கேளுங்கள். நீளமான பதில் வராமல் போகலாம். ஸோஃபும் அதிகம் பேசாதவர்தான். 1982-ல் இத்தாலி அணி பத்திரிகையாளர்களிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்தபோது, அணியின் சார்பில் பேச ஒருவர் வேண்டியிருந்தது. அந்த வேலையை அணியிலேயே குறைவாகப் பேசுகிற அவரிடம்தான் கொடுத்தார்கள். அதனால் பேச்சுத்திறன் என்ற கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய கோல்கீப்பர்