சுற்றுலாவுக்கு எங்கள் வகுப்பு முழுவதும் வர வேண்டும்: அரியலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசு உயர்நிலைப் பள்ளி,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
அரியலூர்.

பொருள்: அரசுப் பள்ளி மாணவர்கள் எல்லோரையும் பணம் வாங்காமல் வருடத்துக்கு ஒரு நாள் நம் மாவட்டத்துக்குள்ளேயே சுற்றுலா அழைத்துச் செல்லக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போன ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளியிலிருந்து ஒரு நாள் சுற்றுலா போய்வந்தோம். எங்கள் வகுப்பில் 43 பேர். போனது 25 பேர். நான் அந்த 25 பேரில் ஒருத்தி, ஆனாலும் இந்த மனுவை வராமல் போன 18 பேருக்காகத்தான் எழுதுகிறேன். முக்கியமாக என் பக்கத்தில் உட்காரும் தோழிக்காக. ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்ச்.

ஒரு ஆளுக்கு 420 ரூபாய். பஸ் வாடகை, டீசல், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து. "எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குடி, நீ போயிட்டு வா" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலமே சொல்லிவிட்டாள். மறுநாள் காய்ச்சல் வரப்போகிறது என்று முதல் நாளே யாருக்காவது தெரியுமா? எனக்குப் புரிந்தது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

சரி, அந்த நாள் எப்படி இருந்தது என்று முதலில் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் அவள் எதை இழந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

விடியற்காலை ஐந்தரைக்கே பள்ளி வாசலில் நின்றோம். பனி, இருட்டு, எல்லோரும் ஸ்வெட்டருக்கு மேல் தாவணியும் துண்டும் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அப்படியும் சிரித்துக்கொண்டு. மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை வந்து, ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்வது என்று முடிவானது.

முதலில் கரைவெட்டி பறவைகள் சரணாலயம். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எங்களில் இரண்டு பேர்தான் அதற்கு முன் அங்கே போயிருக்கிறார்கள். மேட்டூர் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிறையும் பெரிய ஏரி, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று. பைனாகுலர் ஒன்றுதான் இருந்தது, ஆளுக்கு ஒரு நிமிடம் என்று அறிவியல் சார் வாட்சைப் பார்த்துக்கொண்டே கைமாற்றிவிட்டார். என் முறை வந்தபோது வரித்தலை வாத்துகளைப் பார்த்தேன். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, யாரோ மையால் கோடு போட்டதுபோல. இமயமலையைத் தாண்டி அவை நம் ஏரிக்கு வருகின்றன என்று சார் சொன்னதும் ஒரு நிமிடம் பேச்சே நின்றுபோனது, அதுவரை பஸ்ஸில் பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தவர்கள்கூட.

அடுத்து வாரணவாசி அரசு புதைபடிவ அருங்காட்சியகம். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் வழியாக நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரி போகும். சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரிகள். நாங்கள் பிறந்ததிலிருந்து அந்தப் புழுதியோடுதான் இருக்கிறோம். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நம் மாவட்டத்தில் கடல் இருந்தது, அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பி, நத்தை போன்ற உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து இறுகித்தான் இந்தக் கல் ஆனது, டைனோசர்கள் வாழ்ந்த காலம் அது என்று அங்கே சொன்னார்கள். கல்லங்குறிச்சி என்று பஸ்ஸில் பார்க்கிறோமே, அந்த ஊரின் பெயரை ஒரு பாறை அடுக்குக்கே வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டு விஞ்ஞானிகளும் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்களாம். 2009ஆம் ஆண்டு செந்துறை பக்கத்தில் டைனோசர் முட்டைகளின் புதைபடிவம் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தினர் அறிவித்ததையும் சமூக அறிவியல் டீச்சர் சொன்னார். செந்துறையில் என் அத்தை வீடு இருக்கிறது. அத்தைக்கு இது தெரியாது.

அப்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றேன். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல், ஓரமெல்லாம் வரி வரியாக. அம்மோனைட் என்று எழுதியிருந்தது, அந்தக் கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் ஓடு கல்லானதாம். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏனென்றால் அதே மாதிரிக் கல்லை நான் நூறு தடவை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் தோழியின் பழைய ஜாமெட்ரி பாக்ஸில். அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடை இருக்கிறது, மழை பெய்து ஓய்ந்ததும் அங்கே போய் வித்தியாசமான கற்களைப் பொறுக்கி வருவாள், மூன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். நத்தைக் கல், சிப்பிக் கல், விரல் கல் என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள். வகுப்பில் பாதிப் பேர் அவளைக் "கல்லு" என்று கேலி செய்வார்கள். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அந்த அறைக்குள் போயிருக்க வேண்டியவள் அவள்தான் ஐயா. அவள் அன்றைக்கு வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சுற்றுலா பாதியாகிவிட்டது. வழியில் புளியமரத்தடியில் சாப்பிட்டோம், பள்ளியில் ஏற்பாடு செய்த தயிர் சாதத்தோடு வீட்டிலிருந்து கொண்டுவந்த உருளைக்கிழங்கு வறுவல், மாங்காய் ஊறுகாய், முறுக்கு என்று எல்லாம் கைமாறியது, யார் டப்பாவில் யார் சாப்பிட்டார்கள் என்றே தெரியாது. சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில், 2004இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது, விமானம் சுமார் 180 அடி உயரம், கீழிருந்து பார்க்கும்போது வளைந்து வளைந்து மேலே போகிறது. கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரைச் சோழகங்கம் ஏரியில் ஊற்றியது, அந்த ஏரியை இன்றைக்குப் பொன்னேரி என்று சொல்வது, 1836இல் அணைக்கரையில் கீழணை கட்டுவதற்காக இந்தக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனது எல்லாவற்றையும் டீச்சர் புல்வெளியில் உட்காரவைத்துச் சொன்னார். கும்பகோணம் போகும்போதெல்லாம் அணைக்கரை பாலத்தைத் தாண்டித்தான் போகிறோம். இனிமேல் அந்தக் கற்களைப் பார்க்காமல் போக மாட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பிரேயருக்கு முன்னாலேயே அவளிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மோனைட் என்ற பெயரை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். "கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்களா? பேரு எழுதி?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், "என்னுதுல எத்தனை இருக்கும்னு நீ பாத்தியா?" என்றாள். நான் பார்த்தவரை சொன்னேன். ஆனால் எனக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்? அவள் பார்த்திருந்தால் என்னென்னவோ கேட்டிருப்பாள், நான் பார்க்காமல் விட்டதையெல்லாம் பார்த்திருப்பாள்.

ஐயா, இதில் எங்கள் பள்ளி மேல் எந்தத் தவறும் இல்லை. எங்கள் ஆசிரியர்கள் தங்கள் கையிலிருந்து போட்டு மூன்று பேரை அழைத்து வந்தார்கள். எல்லோருக்கும் போட அவர்களால் எப்படி முடியும்? தோழியின் அப்பா இல்லை. அம்மா அறுவடைக்கும், முந்திரிக் கொட்டை உடைக்கவும் போகிறார். 420 ரூபாய் என்பது அந்த வீட்டில் ஒரு நாள் கூலியை விட அதிகம். பணத்தோடு இன்னொரு காரணமும் இருந்தது, அதை யாரும் யோசிப்பதில்லை. சனிக்கிழமை என்றால் சின்னத் தம்பி தங்கைகளுக்கும் பள்ளி விடுமுறை, அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியது அக்காக்கள்தான். வராத 18 பேரில் 13 பேர் பெண்கள். நானே எண்ணிப் பார்த்தேன்.

அதனால் எங்கள் கோரிக்கை இதுதான். நம் மாவட்டத்தில் உள்ள அரசுப் பள்ளிகளில் படிக்கும் எல்லா மாணவர்களையும், குறைந்தது ஒன்பதாம் வகுப்பு மாணவர்களையாவது, வருடத்தில் ஒரு வேலை நாளில், நம் மாவட்டத்திலேயே இருக்கும் இந்த மூன்று இடங்களுக்கும் ஒரு ரூபாய்கூட வாங்காமல் அழைத்துப் போக நீங்கள் உத்தரவிட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் என்று நாங்கள் கேட்கவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடங்கள்தான். அரசுப் பேருந்து போதும். பள்ளி நாளாக இருந்தால் சத்துணவில் எங்களுக்கு எப்படியும் மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு, அதையே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் சாப்பாட்டுச் செலவும் தனியாக வராது.

பஸ் செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். சுரங்கம் தோண்டுகிறவர்கள் செலுத்தும் தொகையிலிருந்து மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி என்று ஒன்று இருக்கிறது, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர் மக்களுக்குச் செலவிடுவதற்காக 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் கொண்டுவந்தது, கல்விக்கும் அதில் முக்கிய இடம் உண்டு, அதற்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர்தான் என்று எங்கள் டீச்சர் சொன்னார். அந்தக் கடலின் கல்லை லாரி லாரியாக எங்கள் வாசல் வழியாகத்தான் கொண்டுபோகிறார்கள். அதிலிருந்து வரும் பணத்தில் அந்தக் கடல் எப்படி இருந்தது என்று எங்களுக்கு ஒரு நாள் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. வழியில் பெண்கள் போக நல்ல கழிப்பறை உள்ள இடங்களை முன்பே பார்த்து வைத்து, அங்கே பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டும். போன தடவை காலையிலிருந்து நாங்கள் நிறையப் பேர் தண்ணீரே குடிக்கவில்லை, இறங்க இடம் இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில். சாயங்காலம் ஒருத்திக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. அதேபோல, புதைபடிவங்களைப் பற்றி எளிய தமிழில் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவர் அன்றைக்கு எங்களோடு இருந்தால் நன்றாக இருக்கும், கல்லூரியில் நிலவியல் படிக்கும் அண்ணன் அக்காக்கள் வந்தால்கூடப் போதும். மாணவர்கள் தங்கள் ஊரில் கிடைத்த கற்களைக் கொண்டுவந்து காட்டி, இது என்ன என்று கேட்க அரை மணி நேரம் ஒதுக்கினால் இன்னும் நல்லது. எங்கள் வகுப்பிலேயே அதற்கு ஒரு பெட்டி தயாராக இருக்கிறது.

இதைச் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. மார்ச் மாதத்துக்குப் பிறகு வெளியூர்ப் பறவைகள் திரும்பிப் போய்விடும். அடுத்த வருடம் நாங்கள் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு என்று யாரும் எங்கேயும் அழைத்துப் போக மாட்டார்கள். மாவட்டம் முழுவதற்கும் ஏற்பாடு செய்ய நாளாகும் என்றால், அது வரும் கல்வியாண்டிலிருந்து நடக்கட்டும். எங்கள் வகுப்பில் விட்டுப்போன 18 பேரை மட்டும் இந்த மாதத்துக்குள் ஒரு பள்ளி நாளில் அழைத்துப் போக ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போய்வந்த 25 பேரும் மறுபடி வருகிறோம் என்று கேட்க மாட்டோம். அதைப் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒன்பதாம் வகுப்பு மாணவி.

இணைப்பு: எங்கள் வகுப்பு மாணவ மாணவியர் 43 பேரின் கையெழுத்து, இரண்டு தாள்கள்.