கொங்கு நாட்டில் ஆடிஷன் வைக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோபிசெட்டிபாளையத்து வயலும் பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் பல வருடமாக உங்கள் படங்களில் வருகின்றன. எங்கள் ஊர்க்காரர்களோ பெரும்பாலும் கூட்டக் காட்சியில் நின்றுவிட்டுப் போவதோடு சரி. இப்போது உங்களில் சிலர் இங்கேயே ஆடிஷன் வைத்துப் புதுமுகம் தேடுகிறீர்கள். மனதார நன்றி. ஆனால் அதை நடத்தும் விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

வேறு வட்டாரப் பேச்சில் எழுதிய வீராப்பு வசனத்தைக் கையில் கொடுத்து, உடனே மனப்பாடம் செய்து கத்தச் சொல்கிறீர்கள். காலமெல்லாம் தறி ஓட்டிய சோமனூர் அம்மாவுக்கு அது வராது. அதே அம்மாவிடம் தறியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். கையும் கண்ணும் சேர்ந்தே பேசும். "ஏனுங்க, வெலவாசி ஏறுது, கூலி மட்டும் ஏறுதுங்களா?" என்று அவர் கேட்கிறபோது கேமரா ஓடிக்கொண்டிருக்கட்டும். எந்த வேஷம் அவருக்குப் பொருந்தும் என்று அப்போது தெரியும்.

நடிப்பு எங்களுக்குப் புதிதில்லை. உடுக்கை அடித்து அண்ணன்மார் கதையை விடிய விடியப் பாடுகிறவர், ஒரே ஆளாகப் பொன்னராகவும் சங்கராகவும் தங்கையாகவும் மாறுகிறார். 1930களிலேயே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் என்று படம் எடுக்கும் ஸ்டுடியோக்களே இங்கே வந்துவிட்டன. இன்றைக்கு ஒரு சின்ன வேஷத்துக்கு முகம் காட்டவே பலர் சென்னைக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

அப்புறம், நேரம். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை 8.30 மணிக்கு உள்ளே போனால் இரவு 8.30க்குத்தான் வெளியே வருவார். வேலை நாளில் வரச் சொன்னால் அன்றைய கூலி போச்சு. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மாடு வைத்திருப்பவர்களைச் சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

பதிவுக் கட்டணம் என்று யாரிடமும் பணம் வாங்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரும் வாங்காதபடி அறிவிப்பிலேயே அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

எடுக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். "தாடிய எடுத்தராதீங்க, கூப்பிடறோம்" என்ற வார்த்தையை நம்பி, சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் தாடியோடு போகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். 'அந்த வேஷத்துக்கு ஆள் எடுத்தாச்சுங்க' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
கோபி பக்கத்திலிருந்து ஒரு ரசிகை